எதிர்வீட்டுத் தீப்பெட்டி

புன்னைக்குப்பத்துக்கு அந்த ஐப்பசியில் வந்த புயல் ஊருக்குள் நுழையாமல், மேய்ந்துவிட்டு வந்த மாடு கொட்டகைப் படல் திறக்கட்டும் என்று நிற்பதுபோல அலைவாய்க்கரையிலேயே நின்றுவிட்டது. நடுத்தெருவில் ஒரே ஒரு வீட்டு டிரம்முக்கு இன்னும் மூடி போடாததுதான் அது நின்றதற்குக் காரணம் என்று ஊர் தெரிந்துகொள்ளச் சில நாட்கள் ஆயின.

டிரம் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மருந்துக் கம்பெனிகளில் பவுடர் வைத்திருந்து பிறகு சந்தைக்கு வரும் நீல நிற பிளாஸ்டிக் டிரம், இடுப்பு உயரம், மூடியைச் சுற்றி இரும்பு வளையம், வளையத்தில் ஒரு கொக்கி. கொக்கியை இழுத்துப் பூட்டினால் தண்ணீரில் விழுந்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. ஐப்பசி பிறந்ததும் புன்னைக்குப்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கழுவிக் காயவைத்து நிரப்புவார்கள். கனமானது அடியில்: தண்ணீர் கேன், அவல் மூட்டை, வெல்லம். அதன்மேல் பாலித்தீன் உறையில் ரேஷன் கார்டும் பட்டாவும், நைலான் கயிறு, மாற்றுத்துணி, டார்ச். இருட்டில் கைவிட்டால் முதலில் தட்டுப்பட வேண்டியவை எல்லாவற்றுக்கும் மேலே: மருந்து, அரிவாள், விசில். இவ்வளவும் வைத்த பிறகும் மூடி போட மாட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் தெருவைக் கடந்து வந்து, தன் கையால் ஒரு தீப்பெட்டியை உள்ளே வைத்து, “இருந்து சாப்பிடுங்க” என்று சொன்ன பிறகுதான் கொக்கியை இழுப்பார்கள்.

இந்த வழக்கம் வந்தது பாட்டன் காலத்துப் புயல் ஒன்றுக்குப் பிறகு. அந்தப் புயலில் அரிசி வைத்திருந்தவர்கள் வாசலில் அரிவாளோடு நின்றார்கள், அரிசி இல்லாதவர்கள் துடுப்போடு வந்தார்கள், வெள்ளம் வடிந்தபோது தண்ணீரில் செத்தவர்களைவிட வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் அதிகமாக இருந்தார்கள், யாருடைய ரத்தம் யார் வீட்டுச் சுவரில் என்று பிரிக்க முடியாமல் எல்லாச் சுவர்களுக்கும் ஒன்றாகவே சுண்ணாம்பு அடித்தார்கள். எதிர்வீட்டான் தீப்பெட்டி வைத்த டிரம்மை எதிர்வீட்டானே கொள்ளையடிக்க மாட்டான், எதிர்வீட்டான் டிரம் காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் தீப்பெட்டி வைக்கவும் முடியாது என்று அன்றைக்கு இருந்த பஞ்சாயத்தார் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு ரொம்ப காலம் சரியாகத்தான் இருந்தது.

திறந்து கிடந்த டிரம் செவ்வந்தியுடையது. அவள் புருஷன் நாகூரானுக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. வலைமேல் வலை விழுந்த தகராறில் எதிர்வீட்டு வீரபாகு கரையில் வைத்து அதை வெட்டினான். வெட்டுப்பட்ட கை மணலில் கிடந்து விரல்களை ஒருமுறை மடக்கியதையும், நாய் ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் ஊரே பார்த்தது. நாகூரான் கோர்ட்டில் சாட்சி சொன்னான், வீரபாகு ஜெயிலுக்குப் போனான், அவன் உள்ளே இருந்தபோது அவன் அம்மா செத்துப்போனாள், கொள்ளிவைக்க அவனை அனுப்பவில்லை. அதனால் வீரபாகுவின் அப்பா மாசிலாமணி, எதிர்வீட்டு டிரம்முக்கு இனித் தன் கையால் தீப்பெட்டி வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். செவ்வந்திக்கு வைதேகி என்று ஒரு மகள். வலிப்பு வரும் பிள்ளை. வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்று இருக்கிறது, அது நனையாமல் இருக்க அந்த டிரம்மைவிட்டால் அந்த வீட்டில் வேறு இடமில்லை.

புயல் கரையில் வந்து நின்ற அன்றைக்கு, நாட்டார் தட்சணாமூர்த்தி மாசிலாமணியின் வாசலுக்கு வந்தார். ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவர்தான் தலைவர்.

“வாசல்ல வந்து நிக்கிது மாசிலாமணி. வன்மத்த அப்புறம் வெச்சுக்க. போயி தீப்பெட்டிய வையி.”

மாசிலாமணி முணுமுணுத்துக்கொண்டே தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தார். ஈரச் சிலேட்டின் நிறத்தில் சுவர்போல வானம்வரை நின்றிருந்த புயல் கரையிலிருந்து ஒரு அடி உள்ளே வந்தது. சவுக்குத்தோப்பின் முதல் வரிசை படுத்துக்கொண்டது, ஐஸ் கம்பெனியின் தகரக் கூரை எழுந்து பறந்து, பறக்கும் வழியில் ஒரு ஆட்டின் தலையைச் சீவிக்கொண்டு போனது. மாசிலாமணி பயந்து காலை இழுத்துக்கொண்டார். புயலும் ஒரு அடி பின்னால் போனது. இன்னொரு முறை வைத்துப் பார்க்கச் சொன்னார் நாட்டார். வைத்தார், வந்தது. இழுத்தார், போனது.

“ஓஹோ” என்றார் நாட்டார்.

அன்று சாயங்காலம் ஆட்கள் செவ்வந்தியின் வீட்டுக்கு வந்து டிரம்மின் மூடியையும் வளையத்தையும் கேட்டார்கள்.

“ஊரே மூடி போட்டு வெச்சிருக்கீங்க. என் டிரம்மு மட்டும் தெறந்து கெடக்கணுமா?” என்றாள் செவ்வந்தி.

“ஒரு டிரம்மு தெறந்து கெடந்தா ஊரு நிக்கிதுல்ல, அதச் சொல்லு.”

“அப்ப உன் டிரம்மத் தெறந்து போடேன், பாப்போம்.”

நாகூரானைக் கீழே தள்ளி, மிச்சமிருந்த ஒரு கையின்மேல் ஒருவன் ஏறி நின்றான், மூடியைக் கட்டிப்பிடித்த செவ்வந்தியின் வாயில் ஒருவன் முழங்கையால் இடித்தான், அவளுடைய முன்பல் ஒன்று டிரம்முக்குள் விழுந்து மாற்றுத்துணிமேல் கிடந்தது. மூடியையும் வளையத்தையும் மாசிலாமணியின் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவே மாட்டினார்கள். செவ்வந்தி வீட்டார் வெளியூர் போய்விடாமல் இருக்கத் தெருமுனையில் ஆள் போட்டார்கள். ஊர் பிழைத்துவிட்டது.

பிறகு ஊர் புயலுக்குப் பழகிக்கொண்டது. அதன் ஓரத்துக் காற்றில் துணி சீக்கிரம் காய்ந்ததால் பெண்கள் கரையில் கொடி கட்டினார்கள். பிள்ளைகள் ஓடாமலே பட்டம் விட்டார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சுகளைத் திருப்பிப்போட்டு, உட்கார்ந்தால் புயல் தெரிகிற மாதிரி செய்தார். வெளியூரிலிருந்து வேன்களில் வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமான ஜோடிகள் வந்தால் புயல் கொஞ்சம் நிறம் மாறுகிறது என்றும் சொன்னார்கள். ரேடியோவில் தினமும் காலையில் “மையம் கொண்டுள்ளது” என்றார்கள், பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். மாசிலாமணிக்கு ஊர்ச் செலவில் மூன்று வேளையும் சாப்பாடு வந்தது. கோயில் விழாவில் முதல் மாலை அவருக்கு விழுந்தது. வெறுப்பை விடாமல் வைத்திருப்பதற்காக ஒரு ஊர் ஒருவரை அவ்வளவு மரியாதையாக நடத்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஆனால் புயல் நிற்கிற கடலில் படகு இறங்க முடியாது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது, கார்த்திகை போய் மார்கழி வந்தது. நிவாரணம் கேட்டுப் போனவர்களிடம் அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: “கரையைக் கடந்தாத்தான்யா புயல். கடக்காத புயலுக்கு எந்த ஜி.ஓ.வுல குடுப்பேன்?” பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் பக்கம் அதைத் தள்ளிவிட்டுவிடுவார்களோ என்று பயந்து, புன்னைக்குப்பத்து ஆட்களுக்குக் கூலி வேலை கொடுக்கவில்லை, வேலை கேட்டு நின்றவர்களைக் கல்லால் அடித்தார்கள். புயல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்ன ஒருவனின் கூரையை ஊரே கொளுத்தியது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரு மரக்கால் அரிசிக்காக ஒருவரையொருவர் மீன் அறுக்கும் கத்தியால் குத்திக்கொண்டு, ஒரே பாயில் படுத்துச் செத்தார்கள். செத்தவர்களுக்குப் பாடை கட்டும்போது புயல் கரையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அது நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனது. பொறுமை போனால் அது எந்த டிரம்மையும் பார்க்காது என்பதும், அன்றைக்கு முதலில் போவது மூடியில்லாத வீடுதான் என்பதும் செவ்வந்திக்குத் தெரியும். அவள் தினமும் மருந்தை எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தாள்.

மற்ற வீடுகளில் நடந்தது வேறு. பசி வந்தபோது ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கொக்கியைத் தளர்த்தி ஒரு பிடி அவலை எடுத்தார்கள். எடுத்த எடைக்கு ஒரு பிடி மணலைப் போட்டார்கள், யாராவது டிரம்மை அசைத்துப் பார்த்தால் தெரியக் கூடாது அல்லவா. அடுத்த வீட்டிலும் அப்படியே. ஊரில் அவ்வளவு கதவுகள் பகலில் சாத்திக் கிடந்ததில்லை, கரையில் அவ்வளவு பேர் மடியில் மணலோடு வீடு திரும்பியதுமில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. செவ்வந்தியின் டிரம்மில் மட்டும் எல்லாம் அப்படியே இருந்தது. மூடியில்லாத டிரம்மைத் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், அவள் எடுத்தாலும் தெரியும், அவர்கள் எடுத்தாலும் தெரியும்.

தை பிறந்ததும் புயலுக்குள் ஒரு படகு தெரிந்தது.

அது வீரபாகுவின் படகு. ஜெயிலிலிருந்து வந்த அந்த வாரமே, புயல் கரைக்கு வருமுன், கடலில் விட்டிருந்த வலையை எடுக்கத் தனியாகப் போனவன். செத்துவிட்டான் என்று பதினாறாம் நாள் காரியமும் செய்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு, வடக்கிலிருந்து தெற்காக, அந்தச் சுவருக்குள் முகப்பு தூக்கியபடி படகு சுற்றி வரும். அவன் இஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து ஏதோ கத்துவான். சத்தம் வராது. பிள்ளைகள் கையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு நாளும் அவன் கொஞ்சம் மெலிந்து வந்தான், கன்னம் ஒட்டியது, ஒருநாள் சட்டை இல்லை, ஒருநாள் கத்தவும் இல்லை.

மாசிலாமணி ஊர்ச் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்தினார். ஒரு மத்தியானம் வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்துப் பேசினார். இடையில் மாட்டுவண்டி போகிற அகலம்தான் தெரு.

“செவ்வந்தி.”

“என்னாங்க?” வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“தீப்பெட்டி வெச்சா வாங்கிக்குவியா?”

“இத்தன நாளு கழிச்சா? மால மரியாதையெல்லாம் அலுத்துப்போச்சா?”

“எம்புள்ள உள்ள சுத்துறான்.”

“தெரியிது. எனக்கும் கண்ணு இருக்கு.” முறத்தைக் கீழே வைத்தாள். “உங்க மவன் கரைக்கு வந்தா எங்க வூட்டுக்காரு வெட்டுவாரு. சொல்லிட்டேன்.”

“வெட்டட்டும். கரையில வெச்சு வெட்டட்டும். தூக்கிப்போட எனக்கு ஒரு ஒடம்பாவது கெடைக்கும்.”

செவ்வந்தி உள்ளே திரும்பி நாகூரானைப் பார்த்தாள். அவன் இடது கையால் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான், வாரிமுடிந்த பின்னலைக் கட்ட முடியாமல் பல்லால் ரிப்பனைக் கடித்திருந்தான். அவன் ரிப்பனை விடாமலே தலையை அசைத்தான்.

“மூடியையும் எடுத்துக்கிட்டு வாங்க” என்றாள் செவ்வந்தி. “மூடி இல்லாம தீப்பெட்டிய மட்டும் வெச்சு என்னா பண்றது?”

மறுநாள் காலை மாசிலாமணி சாமி படங்களுக்கு நடுவிலிருந்து மூடியைக் கழற்றினார், வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார், தீப்பெட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு படியிறங்கினார். புயல் ஒரு அடி வந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்துவிட்டது.

“மாசிலாமணி, உள்ள போ! ஊர அழிக்காத!”

அவர் போகவில்லை. முதல் துடுப்பு அவர் முதுகில் விழுந்தது. மூடியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார், இரண்டாவது துடுப்பும் மூன்றாவதும் மூடியில் பட்டுப் பறைபோல ஒலித்தன, நான்காவது அவருடைய முழங்கையில் பட்டது. அடித்தவர்கள் எல்லாரும் இத்தனை நாளும் அவருக்குச் சோறு கொண்டுவந்தவர்கள். அவர் ஒரு அடி வைத்தால் புயல் ஒரு அடி வைத்தது, சவுக்குமரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, புயலைப் பார்த்த பயம் கைகளில் இறங்க இறங்க அடி பலமாக விழுந்தது. ஒரு கால் ஒடிந்தது. மண்டியிட்டுப் போனார். இன்னொரு காலில் நங்கூரக் கம்பியால் நாட்டாரே அடித்தார். ஊர்ந்து போனார். மூடியை முன்னால் தள்ளிவிட்டு, தான் பின்னால், தெருவின் புழுதியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனார். செவ்வந்தியின் வாசற்படியில் நாகூரான் இறங்கிவந்து இடது கையை அவர் அக்குளில் கொடுத்துத் தூக்கினான். மாசிலாமணியின் அடிபட்ட இரண்டு கைகளும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல ஆடிக்கொண்டிருந்தன. டிரம்முக்குமேல் குனிந்து வாயைத் திறந்தார். தீப்பெட்டி மருந்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

“இருந்து… சாப்பிடுங்க” என்றார். பிறகு அவர் இல்லை.

செவ்வந்தி மூடியைப் போட்டாள், வளையத்தை மாட்டினாள், கொக்கியை இழுத்தாள். டப்பென்று அது பூட்டிய சத்தம் கேட்டதும் புயல் ஊருக்குள் வந்தது.

வந்த புயல் ஐப்பசி முதல் தை வரை சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஒரே பகலில் செய்தது. ஓடுகள் கத்திகளாகப் பறந்தன. தண்ணீர் தெருவழியே எழுந்து நின்று நடந்தது. துடுப்போடு நின்றவர்களில் சிலரை அந்தத் துடுப்பாலேயே குத்தித் தூக்கிப் பனைமரத்தில் செருகிவிட்டுப் போனது. உச்சிவேளை அமாவாசைபோல இருட்டிவிட்டது. செவ்வந்தி கதவில் முதுகைக் கொடுத்துக் காலைச் சுவரில் ஊன்றி நின்றாள், மாசிலாமணியின் உடம்பு மூலையில் கிடந்தது, அப்போது வைதேகிக்கு வலிப்பு வந்தது.

நாகூரான் மகளைப் பக்கவாட்டில் திருப்பி, அவள் தலை தரையில் மோதாமல் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே பிடித்துக்கொண்டான். டிரம்மைத் திறந்து கைவிட்டான். மருந்து இருந்தது. எந்தப் பக்கம் முனை, எந்தப் பக்கம் அழுத்துவது என்று தெரியவில்லை. ஒருமுறை வீணாக்கினால் இன்னொன்று இல்லை. டார்ச்சை அமுக்கினான். மாதக்கணக்கில் திறந்து கிடந்த டிரம்மில் உப்புக்காற்று பட்டு பேட்டரி பச்சை பூத்திருந்தது. தீப்பெட்டி மட்டும் கடைசியாக வந்ததால் காய்ந்திருந்தது. ஒரு கையால் பெட்டியைப் பிடித்து அதே கையால் உரச முடியாது. முழங்கால்களில் மகள் இருந்தாள். பெட்டியைப் பல்லில் கடித்து உரசினான், குச்சி ஒடிந்தது. இன்னொன்று ஒடிந்தது.

“சீக்கிரம்!” என்று கத்தினாள் செவ்வந்தி. அப்போது கதவு அவளைத் தள்ளிக்கொண்டு திறந்தது, காற்றோடு ஒருவன் உள்ளே விழுந்தான், அவளும் அவனுமாகச் சேர்ந்து கதவைத் திரும்பச் சாத்தி உலக்கையை முட்டுக் கொடுத்தார்கள். இருட்டில் முகம் தெரியவில்லை. மூச்சு தெரிந்தது.

“நான்தான்” என்றான். “வீரபாகு. படகு தெருவுல கெடக்குது. எங்க வூடு இல்ல. எங்க அப்பா எங்க?”

நாகூரானின் கை டிரம்முக்குள் மறுபடி போனது. அரிவாளின் பிடியில்தான் முதலில் பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, இருட்டில் முதலில் தட்டுப்பட வேண்டும் என்று அவனே வைத்தது. பிடியை ஒருதரம் இறுக்கினான். முழங்கால்களுக்கு நடுவே பிள்ளை துடித்தது. விட்டான்.

“பெட்டியப் புடி” என்றான்.

“அண்ணே?”

“பெட்டியப் புடிடா மொதல்ல!”

வீரபாகு தடவி வந்து பெட்டியை வாங்கி இரண்டு விரல்களில் நீட்டிப் பிடித்தான். நாகூரான் குச்சியை உரசினான். வெளிச்சம் வந்தது. மருந்தின் முனையைப் பார்த்து, பிள்ளையின் மூக்கில் வைத்து, செவ்வந்தி அழுத்தினாள். அவர்கள் குச்சிமேல் குச்சியாக உரசிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு குச்சிக்கும் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. வைதேகி தூங்கிய பிறகு உரசிய குச்சியில்தான் வீரபாகு மூலையைப் பார்த்தான்.

விரல் சுடும்வரை குச்சி எரிந்தது.

“யாரு?” என்று கேட்டான்.

“ஊரு” என்றாள் செவ்வந்தி.

அவன் டிரம்மிலிருந்து அரிவாளை எடுத்ததை இருட்டில் இருவரும் கேட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. மிச்சமிருந்தவர்கள் டிரம்களைத் திறந்து பார்த்தார்கள், தாங்களே போட்ட மணலைத் தாங்களே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள், கடைசியில் எழுந்து செவ்வந்தியின் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் வீரபாகு அரிவாளோடு நின்றான். எலும்பு தெரிய நின்றான். தெருவின் நடுவே மாசிலாமணியைச் சேலையில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். சுடுகாட்டுப் பாதை இன்னும் கடலுக்குள் இருந்தது. நாட்டார் கையேந்திக்கொண்டு முன்னால் வந்தார்.

“புள்ளைங்க பசியில கெடக்குதும்மா. ஒரு கை அவலு…”

நீட்டிய கையில் அரிவாள் இறங்கியது. இரண்டு விரல்கள் படியில் விழுந்தன. நாட்டார் கத்தினார், கூட்டம் பின்வாங்கியது, வீரபாகு மறுபடி ஓங்கினான். நாகூரான் இடையில் வந்து, டிரம்மிலிருந்து எடுத்த துணியை நாட்டாரின் கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்தான்.

“இப்புடித்தான் கட்டணும்” என்றான். “எனக்குத் தெரியும். புடிச்சுக்க.”

செவ்வந்தி அவல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

“அவலு தர்றேன்” என்றாள். பல் போன இடத்தில் காற்று கலந்து வந்தது குரல். “உங்க டிரம்மத் தூக்கிட்டு வாங்க. உள்ள இருக்கறத அவரு மேல கொட்டுங்க. கொட்டிட்டு வாங்கிக்குங்க.”

ஒரு பெண் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து தலைகுனிந்து கொட்டினாள். பிறகு அடுத்த வீடு. ஒவ்வொருவரும், தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தது எல்லாரும்தான் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே கொட்டினார்கள். நாட்டார் கட்டுப்போட்ட கையோடு கடைசியாகக் கொட்டினார். அவருடைய டிரம்மில்தான் மணல் அதிகம் இருந்தது. எல்லாம் கொட்டி முடித்தபோது மாசிலாமணி தெரியவில்லை. தெருவின் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு எழுந்திருந்தது. வீரபாகு அரிவாளை அதில் செருகிவிட்டு, கடைசி ஆளாக அவலுக்குக் கை நீட்டினான்.

கரையைக் கடந்த புயல் என்பதால் நிவாரணம் வந்தது. ரோடு போட வந்தவர்கள் மேட்டை வெட்டச் சொன்னார்கள். ஊர் ஒப்பவில்லை. ரோடு அங்கே வளைந்து போகிறது.

அடுத்த ஐப்பசியில் டிரம்களைக் கழுவிக் காயவைத்து நிரப்பினார்கள். நடுத்தெருவில் வீரபாகு, நிவாரணத்தில் எழுப்பிய புது வீட்டிலிருந்து தீப்பெட்டியோடு மேட்டில் ஏறி இறங்கி, செவ்வந்தியின் டிரம்மில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான். பிறகு நாகூரானின் முறை. அவன் மேடேறிப் போய், வீரபாகுவின் டிரம்முக்குள் இடது கையால் தீப்பெட்டியை வைத்தான். வைத்துவிட்டு நிமிர்ந்து, மூடியோடு காத்திருந்த வீரபாகுவின் வலது கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். ஒருவர் பின் ஒருவராக ஊர் கடல் பக்கம் திரும்பியது.

“இருந்து சாப்பிடு” என்றான் நாகூரான்.